உட்காரும் நேரத்தை யார் முடிவு செய்வது?

கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டப்பேரவை 2021 செப்டம்பரில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அது 22-ஏ என்ற பிரிவாகச் சேர்ந்தது. கேரளம் இதை 2018இலேயே செய்துவிட்டது. அங்கே கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்துவந்த பி. விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பினரும் முதலில் கேட்டது கழிப்பறை. உட்காரும் உரிமைக்கான போராட்டம் அதன் தொடர்ச்சியாக வந்தது. தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அன்றே எழுதிவைத்ததை ஜவுளிக்கடைத் தொழிலாளிக்கு எழுத நமக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இப்போது பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. அதில் உட்காருவதற்குத்தான் தயக்கம். சட்டம் சொல்வது இவ்வளவுதான்: வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு இருக்கவேண்டும். வாய்ப்புக் கிடைத்ததா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது? கவுண்டரில் நிற்கும் பெண்ணா, சூப்பர்வைசரா, மேலே இருக்கும் கேமராவா? இதைச் சட்டத்தால் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் உடல்நலம் பெருமளவு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கப் போதிய காரணம் உண்டு.

லண்டன் அரசு ஊழியர்களிடம் மைக்கேல் மார்மட்டும் அவருடைய சகாக்களும் நடத்திய ஒயிட்ஹால் ஆய்வுகள் இதற்கு நல்ல சான்று. 1967இல் தொடங்கிய முதல் ஆய்வில், மிகக் கீழ்நிலையில் இருந்த ஆண்கள் இதயநோயால் இறப்பது உயரதிகாரிகளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இவர்கள் யாரும் வறுமையில் வாடியவர்கள் அல்லர். நிலையான வேலையும் இலவச மருத்துவமும் உள்ளவர்கள். புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. 1985இல் 10,308 ஆண் பெண் ஊழியர்களுடன் தொடங்கிய இரண்டாம் ஆய்வு காரணத்தை நெருங்கியது. தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கு அதிகாரமே இல்லாதவர்களை இதயநோய் கூடுதலாகத் தாக்கியது. சுமை மட்டும் ஆளை வாட்டுவதில்லை, சுமை கூடி முடிவெடுக்கும் உரிமை குறையும்போதே வாட்டுகிறது என்று ஆய்வாளர் ராபர்ட் காரசெக் 1979இலேயே எழுதியிருந்தார். குழந்தைப் பருவம், கல்வி, வருமானம் ஆகியவற்றின் பங்கையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்ற மறுப்பும் இந்த ஆய்வுகளுக்கு உண்டு. அது நியாயமான எச்சரிக்கை. அதற்காக இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது.

கடைக்காரர் தரப்பையும் கேட்போம். ஆடித் தள்ளுபடி நாளில் ஒரு தளத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட்டால் வியாபாரம் நின்றுபோகும். வாடகை, வட்டி, இணையத்தில் விற்பவர்களின் போட்டி எல்லாவற்றுக்கும் நடுவே கடையை நடத்துகிறவருக்கு ஒழுங்கு குலைந்துவிடுமோ என்ற அச்சம் வருவது இயல்பு. ‘நாம் உள்ளே நுழையும்போது எழுந்திருக்கக்கூட இல்லை’ என்று கோபித்துக்கொண்டு போகும் வாடிக்கையாளரும் அவர் கண்முன்னே இருக்கிறார்.

ஊழியர் கேட்பதோ கல்லாச் சாவியை அல்ல. அடுத்த வாரம் தன் விடுமுறை எந்தக் கிழமை என்று முன்கூட்டியே தெரியவேண்டும். கழிப்பறைக்குப் போக யாரிடமும் கைகட்டி நிற்கக்கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துக் கவுண்டர்க்காரரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வழி வேண்டும். எந்தச் சேலையை எந்த அடுக்கில் வைத்தால் கைக்குச் சட்டென்று வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். அதை அவரிடம் கேட்டால் கடைக்கே லாபம்.

‘சுதந்திரம்’ என்று அழைக்கப்படுவதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உணவு கொண்டுவரும் இளைஞர் விரும்பிய நேரத்தில் செயலியைத் திறக்கலாம், மூடலாம். எந்த ஆர்டர், எவ்வளவு கூலி என்பதைச் செயலி முடிவு செய்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்ற வசதி சிலருக்கு நள்ளிரவு வரை நீள்கிறது. டார்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டு ‘உன் இஷ்டப்படி செய்’ என்பதும் அப்படித்தான். கைகொடுக்க ஆள் இல்லாத இடத்தில் உரிமையும் சுமையாகிவிடும்.

ஆகவே நடுவில் நின்று யோசிக்கலாம். வியாபாரம் மந்தமாக இருக்கும் ஒரு மாதத்தில், ஒரே ஒரு தளத்தில், யார் எப்போது உட்காருவது, யார் எப்போது சாப்பிடப் போவது என்ற முறையை அந்தத் தளத்து ஊழியர்களே வகுத்துக்கொள்ளட்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் நிற்கவேண்டும் என்பதை மட்டும் நிர்வாகம் சொன்னால் போதும். கூட்ட நாட்களுக்குத் தனி ஏற்பாட்டை இருவரும் சேர்ந்து பேசலாம். விற்பனை குறைந்ததா, எத்தனை பேர் விடுப்பு எடுத்தார்கள், எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் கடையின் பதிவேட்டிலேயே இருக்கும். மாத முடிவில் பார்த்துவிட்டு அடுத்த தளத்துக்குக் கொண்டுபோகலாமா என்று முடிவெடுக்கலாம். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரியும் ஸ்டூல்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள் என்று இரண்டு ஊழியர்களிடம் தனியாகக் கேட்கலாம். வணிகர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒப்புக்கொள்ள முடியாத அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

வாடிக்கையாளர்களான நமக்கும் பங்கு இருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்து ஐம்பது சேலைகளைப் பிரித்துப் போடச் சொல்வது நாம்தான். இந்தத் தீபாவளிக்கு அதைப் பகல் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள நம்மில் பலரால் முடியும். நம்மைப் பார்த்ததும் பதறி எழுபவரிடம், ‘உட்கார்ந்தே காட்டுங்கம்மா’ என்று சொல்லலாம். சூப்பர்வைசர் காதிலும் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது.