பெட்டிக்கும் ஒரு விஜயதசமி

நவராத்திரி நெருங்கி வருகிறது. கொலுப் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கும்போது பல இல்லங்களில் இன்னொரு பெட்டியும் கூடவே இறங்கும். அது தகரத்தால் ஆன கருவிப் பெட்டி. மகாநவமியன்று அதன் மேலுள்ள தூசியைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒரு முழம் பூச்சாத்தி, பொரிகடலை நிவேதனம் செய்து ஆயுத பூஜை நடத்துவோம். இரண்டொரு நாளில் அது திறக்கப்படாமலேயே மறுபடியும் பரணேறிவிடும். அடுத்த ஆண்டு குங்குமம் இடும் வரையில் அதற்கு வேறு வேலை இல்லை.

இவ்வாரம் அந்தப் பெட்டியைப் பற்றியே சிந்திப்போம்.

ஓசூரில் இத்தகைய பெட்டிகள் மிகுதி. சிப்காட் நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்பேட்டை இங்கே அமைந்த பின் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகிய பெருந்தொழிற்சாலைகளும், அவற்றைச் சார்ந்து எண்ணற்ற சிறு பட்டறைகளும் எழுந்தன. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் இவ்வூரிலிருந்துதான் சாலைக்கு வந்தது. அக்காலத்தில் பல மாவட்டங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கங்களிலிருந்தும் பிட்டர்களாகவும் டர்னர்களாகவும் எலெக்ட்ரீஷியன்களாகவும் வந்து சேர்ந்த இளைஞர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்த பெரியவர்கள். அவர்கள் ஓய்வு பெற்றபோது அவர்களுடைய சொந்தப் பெட்டிகளும் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டன. கைப்பிடியை இருபுறமும் விலக்கினால் கொலுப்படி போலத் தட்டுகள் விரியும் ஐந்து தட்டுப் பெட்டி அவற்றுள் பெரும்பான்மை. உள்ளே ஸ்பேனர்களும் குறடும் சுத்தியலும் அரமும் இன்னும் வரிசை குலையாமல் இருக்கும்.

ஆயுத பூஜையின் விதியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பூஜையில் வைத்த நூலை அன்று படிக்கலாகாது. கருவியை அன்று தொழிலுக்கு எடுக்கலாகாது. ஆனால் விஜயதசமி காலையில் புனர் பூஜை செய்த பின், நூலை எடுத்துச் சில வரிகளேனும் படிக்க வேண்டும். கருவியை எடுத்துச் சிறிதேனும் தொழில் செய்ய வேண்டும். வைப்பது பாதி, எடுப்பதுதான் மறுபாதி. பாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் புகுமுன் தம் ஆயுதங்களை வன்னி மரத்தில் மறைத்து வைத்தனர். அந்த ஓராண்டு முடிந்ததும் அர்ச்சுனன் காண்டீபத்தை மரத்திலிருந்து மீட்டு விராட நாட்டின் பசுக்களைக் காத்தான். அந்த நாளே விஜயதசமி என்று பெரியோர் சொல்வர். ஆயுதங்கள் மரத்திலேயே தங்கியிருந்தால் அந்த வெற்றித் திருநாள் ஏது? நம் வீட்டுப் பரண் பெட்டிக்கு ஆண்டுதோறும் நவமி வருகிறது, தசமிதான் வருவதில்லை.

கருவியைக் கையில் ஏந்தியபடியே வணங்கப்படும் அடியார் நம் சமயத்தில் ஒருவர் உண்டு. சிவாலயங்களில் நால்வர் திருவுருவங்களைத் தரிசிக்கும்போது திருநாவுக்கரசரின் தோளைப் பாருங்கள். புல் செதுக்கும் உழவாரம் அங்கே சாய்ந்திருக்கும். ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சென்று திருக்கோயில் பிராகாரங்களைச் செதுக்கிச் சுத்தம் செய்த கருவி அது. திருப்புகலூரில் அவர் உழவாரப்பணி செய்தபோது, அந்த இடத்தில் பொன்னும் மணியும் விளங்குமாறு இறைவன் சோதித்தார் என்றும், அப்பர் பெருமான் அவற்றையும் பருக்கைக் கற்களையும் ஒன்றாகவே எண்ணி உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் உரைக்கிறார். பொன் வந்தும் அவர் கை நிற்கவில்லை, பணி தொடர்ந்தது. கருவிக்கு மரியாதை அது செய்யும் பணியால் வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கு வெள்ளையடித்த சமயம் அவருடைய மகன், "அப்பா, இதை எடைக்குப் போட்டுடலாமா? இடத்தை அடைக்குது" என்று கேட்டிருக்கிறான். பெரியவர் அன்று மாலை என்னிடம் வந்து, "சார், எடை போட்டா என்ன கிடைக்கும்னு கேக்கறான். இந்த அரத்தை வச்சு எத்தனை வருஷம் சோறு போட்டேன்னு அவனுக்குத் தெரியாதா?" என்றார். குரல் தழுதழுத்தது. மகனைக் குறை சொல்ல முடியாது. மூன்று அறை வீட்டில் இடம் இல்லைதான். தந்தையையும் குறை சொல்ல முடியாது. அவருடைய ஆயுளின் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பரண், பழைய இரும்புக் கடை ஆகிய இரண்டைத் தவிர வேறு வழி உண்டா என்பதே கேள்வி. உண்டு. அதுவும் ஒன்றல்ல, பல.

முதலில் பெட்டியை வேறாகவும் கருவிகளை வேறாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் தாமே ஏணியில் ஏறி இறக்க வேண்டாம், இளையவர்களை அழையுங்கள். துருப்பிடித்த கருவிகளைப் புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்துக் கழுவி, ஈரம் போக நன்றாக உலர்த்தி, இயந்திர எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டால் புதுப்பொலிவு பெறும். மாத்திரைப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் மீண்டும் துரு ஏறுவது குறையும். தெருக்கோடியில் இரு சக்கர வாகனப் பட்டறை வைக்க எண்ணும் ஏழைப் பிள்ளையோ, ஐ.டி.ஐ. முடித்து வேலை தேடும் மாணவனோ உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நல்ல எஃகில் செய்த கருவி அவனுக்கு மூலதனம்.

இதை வங்கிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன். 1992-ல் மத்திய அரசு கிராமக் கைவினைஞர்களுக்கு மேம்பட்ட கருவிப் பெட்டி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 2,000 ரூபாய்ப் பெட்டிக்குக் கைவினைஞர் கொடுக்க வேண்டியது பத்தில் ஒரு பங்கு, எஞ்சியது மானியம். ஒரு பெட்டிக் கருவி ஒரு குடும்பத்தை நிமிர்த்தும் என்ற நம்பிக்கைதான் அத்திட்டத்தின் அடிப்படை. அதே நிமிர்வை அரசு ஆணை ஏதுமின்றி, வெற்றிலை பாக்கோடு ஒரு தாம்பூலத் தட்டில் வைத்து நாமும் வழங்கலாம். விஜயதசமி நாளில், பெட்டிக்கு உரியவரே தம் கையால் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கருவியையும் எப்படிப் பிடிப்பது, எங்கே பயன்படுத்துவது என்று அருகில் அமர்த்திச் சொல்லித் தர வேண்டும். அதுவும் ஒரு வித்யாரம்பம்தான்.

இரண்டாவது வழி, திருக்கோயில். உழவாரப்பணிக் குழுக்களில் துடைப்பமும் வாளியும் இருக்கும். திருகாணியை முடுக்க ஒரு ஸ்பேனர் இராது. மணியின் சங்கிலி தளர்ந்திருக்கும். கதவின் கீல் முனகும். உண்டியல் தாங்கியின் நட்டு ஆடும். இவற்றுக்கு ஆள் வரும் வரை நாள்கணக்கில் காத்திருப்பார்கள். ஸ்பேனர் நான்கு, ஸ்குரூ டிரைவர் இரண்டு, குறடு, சுத்தியல், எண்ணெய்க் குப்பி, கையுறை, கத்தரிக்கோல், களைக்கொத்து ஆகியவற்றை ஒரு பெட்டியில் இட்டு, மூடியின் உட்புறத்தில் பட்டியல் ஒட்டி, நிர்வாகத்தாரின் அனுமதியோடு ஒப்படைக்கலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கல்வெட்டின் மீதும் சிற்பத்தின் மீதும் கம்பித் தூரிகையோ உளியோ படவே கூடாது. அங்கே நம் ஆர்வத்தைவிட அறநிலையத்துறை வல்லுநரின் சொல்லே பெரிது. ஓசூர் மலைமேல் எழுந்தருளியுள்ள மரகதாம்பாள் சமேத சந்திரசூடேஸ்வரரின் தேர் ஓடும்போது வடம் பிடிப்போர் பலர்; சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரின் திசை காப்போர் சிலர். கருவி அறிந்த கைக்குக் கோயிலில் என்றும் இடம் உண்டு.

மூன்றாவது, வெறும் பெட்டிக்கு. பிழைப்பின் பொருட்டு இங்கே குடியேறிய நம்மில் பலருக்குக் குலதெய்வம் தொலைதூரத்தில் இருக்கிறது. அங்கே அர்ச்சகர் எப்போதும் இருப்பார் என்று சொல்ல முடியாது; அருகில் கடையும் இராது. அவ்வளவு தூரம் சென்ற பின் திரியை மறந்தோம், தீப்பெட்டியை மறந்தோம் என்று தவிப்பது வழக்கமாகிவிட்டது. ஐந்து தட்டுப் பெட்டியைச் சீயக்காய் போட்டுக் கழுவி, மஞ்சள் நீர் தெளித்து உலர்த்துங்கள். மேல்தட்டு ஒன்றில் விபூதி, குங்குமம், மஞ்சள், சந்தனம். மற்றொன்றில் திரி, ஊதுவத்தி, பஞ்சு. நடுத்தட்டு ஒன்றில் கத்தியும் நூலும். மற்றொன்றில் மூடிய சிறு டப்பாவில் சூடமும் அதிலிருந்து விலக்கித் தீப்பெட்டியும். அடியில் விளக்கு, மணி, எண்ணெய்ப் புட்டி. இரும்பைப் பூஜைப் பாத்திரமாகக் கொள்வதில்லை என்பது நம் வழக்கம். ஆகையால் பெட்டி சுமந்து செல்வதற்கு மட்டும் இருக்கட்டும். சந்நிதியில் வைக்கும் விளக்கும் தட்டும் பித்தளையாகவே இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்த பெட்டியாயிற்றே என்று தயங்குவோருக்கு ஒரு சொல்: அந்தப் பிசுக்கோடு இருந்தபோதே அதற்கு ஆண்டுதோறும் குங்குமம் இட்டு வணங்கியவர்கள் நாம்.

நான்காவது, வீட்டில் உள்ள முதியோரின் பெட்டி. ஒருபுறத் தட்டுகளில் மருத்துவச் சீட்டுகளும் அன்றாட மாத்திரைகளும்; மறுபுறத் தட்டுகளில் வங்கிக் கணக்குப் புத்தகம், வைப்புத்தொகை ரசீது, காப்பீட்டுப் பத்திரம், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றின் நகல்கள், பிளாஸ்டிக் உறையில். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். தொழிற்சாலையில் பணியாற்றி வருங்கால வைப்புநிதி அலுவலகத்தின் ஓய்வூதியம் பெறுவோர் எந்த மாதத்திலும் அளிக்கலாம், அது ஓராண்டுக்குச் செல்லும். அந்தத் தேதியை மூடியில் எழுதி ஒட்டுங்கள். கணவர் மறைந்த பின், எந்தத் தாள் எங்கே என்று அறியாமல் வங்கி வாசலில் கண்கலங்கி நின்ற தாய்மார்களைப் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இரவில் அவசரமாக மருத்துவமனைக்குப் புறப்பட நேர்ந்தால் ஒரு கைப்பிடியைத் தூக்கினால் போதும். மருந்துப் பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். சிறு குழந்தைகள் கை எட்டாத உயரம் போதும்.

இவை எதற்கும் மனம் ஒப்பவில்லை, கருவிகள் கண் முன்னே இருக்க வேண்டும் என்போர் அவற்றை இரவல் கொடுக்கலாம். அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் நூல்களைப் போலவே கருவிகளையும் இரவல் தந்து வருகிறது. நம் தெருவுக்கும் அடுக்ககத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் நம்பிக்கையான ஒரு பெரியவரும் போதும். எடுத்தவர் பெயர், தேதி, திருப்பிய தேதி என மூன்று பத்திகள். வீட்டுக்கு வீடு ஒரு சுத்தியல் வாங்கிப் பரணில் போடும் செலவு மிச்சம். மாலையில் நாலு பேர் வந்து, "ஐயா, இந்த நட்டு கழலவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" என்று கேட்பது அதைவிடப் பெரிய வரவு.

நம் தெருப் பெரியவரும் இந்த வழிகளில் இரண்டைத் தேர்ந்துகொண்டார். கருவிகளில் பாதி ஒரு பட்டறைப் பையனுக்கு. மீதி, பெட்டியோடு, பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்கு. அரத்தை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் கோயில் பூட்டையும் கீலையும் அவரே பார்த்துக்கொள்கிறார். மகன்தான் அவரை வண்டியில் கொண்டுபோய் விடுகிறான்.

பொருளைப் பிறர் பிரித்து எடைபோடும் நாள் வருமுன், அதற்கு உரிய பணியை நாமே தேர்ந்து கொடுத்துவிடுவது பற்றறுப்பதற்கு எளிய பயிற்சி. கொடுத்த பின் வீட்டில் ஒரு பெட்டி குறையும். அதைப் பற்றிய கவலையும் குறையும். இந்த ஆண்டு நவமியன்று வழக்கம்போலக் குங்குமம் இடுங்கள். தசமியன்று மூடியைத் திறந்துவிடுங்கள். மேற்கொண்டு வழிகாட்டுவாள் கலைமகள்.