கை மாறி வரும் கோடு





2025 ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை, அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போயிருந்தேன். இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து 1993-இல் எடுத்து முடித்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ அந்த வாரம்தான் தமிழ்க் குரலோடு வெளியாகியிருந்தது. 32 வருடத்துக்கு முந்தைய கார்ட்டூன் படம். நாலாம் வகுப்புப் பிள்ளை பாதியில் நெளியுமே என்று பயந்துகொண்டேதான் போனேன். அவள் நெளியவில்லை. இடைவேளையில் பாப்கார்னைக்கூட மறந்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அத்தை, அனுமார் நடக்கறப்ப அவரைச் சுத்தி இருக்கிற கோடு லேசா ஆடுது, பாத்தீங்களா?”

“ஆமாம்மா. அதைக் கையால வரைஞ்சிருக்காங்க.”

“எல்லாத்தையுமா?”

எல்லாவற்றையும்தான். சுமார் 450 கலைஞர்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் ஓவியங்கள் என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டாம் பாதி முழுவதும் அவள் ராமரைப் பார்த்ததைவிட அந்தக் கோட்டைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவளுடைய அந்த இரண்டு கேள்விகள்தான் இந்த மாதம் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தன. கையால் வரையும் அனிமேஷன் முழுநீளத் திரைப்படங்களுக்குத் திரும்பி வருமா? வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான். வரும் என்று நம்பவும் எனக்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைத்தால்கூட நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். 80 நிமிடப் படமென்றால் 57,600. திரையில் ஒரே ஒரு பாத்திரம் மட்டும் அசைகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி எழுந்து நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதன்மை அனிமேட்டர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். பாட்டி ஒரு கையைத் தரையில் ஊன்றுகிறார். இன்னொரு கை முழங்காலுக்குப் போகிறது. பாரம் முன்னால் சாய்கிறது. இடுப்பு மேலே வருகிறது. இடைப்பட்ட அசைவுகளை உதவி ஓவியர்கள் நிரப்புவார்கள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை, நகராமல் இருக்க ஆணியில் மாட்டிய தாள்கள், கீழ்த்தாளின் கோடு மேல்தாளில் நிழலாகத் தெரிய அதன்மீது அடுத்த கோடு. இடது கை விரலிடுக்குகளில் நாலைந்து தாள்களைச் செருகி முன்னும் பின்னும் புரட்டி, அசைவு சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வரைவார்கள். ஓவியங்களை நெருக்கி நெருக்கி வரைந்தால் அசைவு மெதுவாகும். தள்ளித் தள்ளி வரைந்தால் வேகமாகும். முழங்கால் வலிக்கும் இடத்தில் ஓவியங்கள் நெருங்கி நிற்க வேண்டும். எங்கே வலிக்கும் என்று வரைகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் வீட்டுப் பாட்டி எழுந்திருப்பதை அவர் ஒரு நாளாவது உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோவில் 2013-இல் வந்த ‘தி விண்ட் ரைசஸ்’ படத்தில் 1923-ஆம் வருடத்துப் பெரும் பூகம்பம் வருகிறது. அதில் ஒரு கூட்டக் காட்சி. ஓடுவது நான்கே நொடி. அதை வரைய எய்ஜி யமமோரி என்ற அனிமேட்டருக்கு ஒரு வருடம் மூன்று மாதம் ஆனது. நாம் கண் சிமிட்டிக் கொட்டாவி விடுவதற்குள் போய்விடும் காட்சி. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள். மூட்டை சுமக்கிறவரின் நடை வேறு, பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறவரின் நடை வேறு. 2025 மார்ச்சில் நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் செயற்கை நுண்ணறிவு வரைந்த ‘கிப்லி பாணி’ குடும்பப் படங்கள் வந்து குவிந்தனவே, நினைவிருக்கிறதா? சில விநாடிகளில் ஒரு படம். அழகாகத்தான் இருந்தன. எனக்கு அப்போது அந்தப் பதினைந்து மாதங்கள்தான் ஞாபகம் வந்தன. எந்தப் பாணியை நாம் ஆசையோடு கேட்டோமோ, அது இப்படிப்பட்ட கைகளின் உழைப்பிலிருந்து வந்தது.

பிறகு ஏன் இந்தக் கலை ஒதுங்கிப் போனது? 1937-இல் ‘ஸ்னோ ஒயிட்’ மூலம் அமெரிக்காவில் முழுநீளக் கார்ட்டூன் படத்துக்கு வழி போட்டது டிஸ்னி. 1995-இல் ‘டாய் ஸ்டோரி’ முழுக்கக் கணினியில் உருவாகி வந்தது. அடுத்த சில வருடங்களில் டிஸ்னியின் ‘ட்ரெஷர் பிளானட்’, ட்ரீம்வொர்க்ஸின் ‘சின்பாத்’ போன்ற கையால் வரைந்த பெரிய படங்கள் நஷ்டப்பட்டன. அதே காலத்தில் கணினிப் படமான ‘ஃபைண்டிங் நீமோ’ வசூலை அள்ளியது. 2004 ஜனவரியில் ஃபுளோரிடாவில் இருந்த டிஸ்னியின் அனிமேஷன் ஸ்டூடியோ மூடப்பட்டது. 2009-இல் ‘தி பிரின்சஸ் அண்ட் த ஃபிராக்’ படத்தோடு மீண்டும் பென்சிலை எடுத்தார்கள். அது செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வசூலித்தும், எதிர்பார்த்த அளவு இல்லை என்று முகம் சுளித்தார்கள். 2011-இல் ‘வின்னி த பூ’வை அமெரிக்காவில் கடைசி ‘ஹாரி பாட்டர்’ படம் வந்த அதே நாளில் வெளியிட்டார்கள். 2013-இல், கையால் வரையும் முழுநீளப் படம் எதுவும் தங்கள் கையில் இல்லை என்று நிறுவனத் தலைவரே அறிவித்தார்.

ஒரு படம் ஓடாமல் போகக் கதை, வெளியாகும் நாள், செலவு என்று நூறு காரணங்கள் உண்டு. நடிகர்கள் நடித்த படம் தோற்றால் கேமராவைத் தூக்கிப் போடுவதில்லை. கார்ட்டூன் படம் தோற்றபோது மட்டும் பென்சிலைத் தூக்கிப் போட்டார்கள். இது அநியாயமான தீர்ப்பு என்பதே என் எண்ணம். கையால் வரைந்த படங்களை ரசிகர்கள் வெறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அவற்றைத் தயாரிக்கும் பொறுமைதான் முதலாளிகளிடம் குறைந்துபோனது.

பொறுமை குறையாத இடங்களும் இருந்தன. அயர்லாந்தின் கில்கென்னி என்ற சிறிய ஊரில் ‘கார்ட்டூன் சலூன்’ என்ற ஸ்டூடியோ இருக்கிறது. 2009-இல் ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’, 2014-இல் ‘சாங் ஆஃப் த சீ’, 2017-இல் ‘தி பிரெட்வின்னர்’, 2020-இல் ‘உல்ஃப்வாக்கர்ஸ்’. நான்குமே ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ படத்தைக் கிடைத்தால் அவசியம் பாருங்கள். கோட்டைச் சுவருக்குள் வாழும் நகரத்து மனிதர்கள் மர அச்சுப் படம்போல முறுக்கான, கூர்மையான கோடுகளில் இருப்பார்கள். காட்டு ஓநாய்ப் பெண்ணின் உடலிலோ, ஓவியர் முதலில் போட்டுப் பார்த்த தோராயக் கோடுகள் அழிக்கப்படாமல் அப்படியே துள்ளிக்கொண்டிருக்கும். அடங்கிப்போன ஊருக்கும் அடங்காத காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை வசனமே இல்லாமல் கோடு சொல்லிவிடுகிறது.

ஸ்பெயினில் செர்ஜியோ பாப்லோஸ் என்ற பழைய டிஸ்னி கலைஞர் 2019-இல் ‘கிளாஸ்’ என்ற படத்தைக் கொடுத்தார். கையால் வரைந்த உருவங்களின்மேல் வெளிச்சமும் நிழலும் விழும்படி கணினியை ஓவியருக்கு உதவியாளாக வைத்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு இது கணினிப் படமா, கைப்படமா என்றே சந்தேகம் வரும். கிப்லியும் வண்ணம் தீட்டுவதை எப்போதோ கணினிக்கு மாற்றிவிட்டது. அசைவுக்குரிய கோடு மட்டும் இன்றும் பென்சிலில் பிறக்கிறது. எண்பதைத் தாண்டிய ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘தி பாய் அண்ட் த ஹெரான்’ 2024 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்காக அவர் 2003-இல் வாங்கியதற்குப் பின், 21 வருடம் கழித்து.

என் நம்பிக்கைக்கு விருதுகளைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ‘அலாவுதீன்’ படத்தின் பூதத்துக்கு உயிர் கொடுத்த எரிக் கோல்ட்பெர்க், டிஸ்னியில் இளைஞர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையால் அனிமேஷன் செய்யப் பழக்கினார். ‘மோனா’ படத்தில் மாவி என்ற பாத்திரத்தின் உடம்பில் ஓடியாடும் பச்சைகுத்திய குட்டி உருவம் கையால் வரைந்தது என்று எத்தனை பேர் கவனித்திருப்போம்? கணினிப் படத்துக்குள்ளேயே அந்தக் கலையை அவர் உயிரோடு வைத்திருந்தார். நிறுவனத்தின் நூற்றாண்டுக்காக 2023-இல் வந்த ‘ஒன்ஸ் அபான் எ ஸ்டூடியோ’ குறும்படத்தில் பழைய பாத்திரங்கள் கையால் வரைந்த கோட்டிலேயே திரும்பி வந்தன.

பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்குவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கலை நம் நாட்டில் வேரூன்றியதே அப்படித்தான். 1956-இல் டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து, மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் நம்மவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. வேதியியல் படிப்பை விட்டுவிட்டுப் பென்சிலைப் பிடித்தவர். தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்கள் மறக்காத ‘ஏக் அனேக்’ படத்தில் அவருடைய கையும் உண்டு. அந்த ராம் மோகன்தான் யூகோ சாகோ, கொய்ச்சி சாசாகி ஆகியோருடன் சேர்ந்து, நானும் அண்ணன் மகளும் பார்த்த ராமாயணத்தை இயக்கியவர். 2019-இல் அவர் காலமானார். ஹாலிவுட்டிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து ஜப்பான், அங்கிருந்து நம் ஊர்த் தியேட்டர் என்று கை மாறி வந்த கோட்டைத்தான் அந்தப் பிள்ளை அன்று ‘ஆடுது’ என்று காட்டினாள்.

கணினி மென்பொருளைக் கையேடு படித்துக் கற்றுக்கொள்ளலாம். முழங்கால் வலிக்கும் பாட்டியை எப்படி எழுப்புவது என்பதை, அதைச் செய்துகாட்டிய ஒருவர் பக்கத்தில் இருந்துதான் கற்க வேண்டும். அந்தத் தலைமுறை இருக்கும்போதே அடுத்த தலைமுறை போய் உட்கார்ந்தாக வேண்டும். இயக்குநர் கீதாஞ்சலி ராவ் 2019-இல் ‘பாம்பே ரோஸ்’ படத்தைச் சட்டகம் சட்டகமாகத் தீட்டவைத்து எடுத்தாரே, அதுபோன்ற முயற்சிகள் நம் நாட்டில் விரல்விட்டு எண்ணும்படி இருக்கக் கூடாது. நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானில்கூட இடைப்படங்கள் வரையும் இளைஞர்களுக்குக் கூலி மிகக் குறைவு. கலை திரும்பி வந்தால் மட்டும் போதாது, அதைச் செய்கிறவர்களின் அடுப்பும் எரிய வேண்டும்.

இதில் நம் பங்கு என்ன? 2025-இல் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்துக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் தியேட்டரை நிறைத்தார்கள். அன்று பல பெற்றோர் ‘பொம்மைப் படத்துக்கா இவ்வளவு கூட்டம்’ என்று ஆச்சரியப்பட்டார்கள். கூட்டம் வரும் என்பது தெரிந்துவிட்டது. அடுத்த முறை கையால் வரைந்த ஒரு படம் உங்கள் ஊருக்கு வந்தால், ‘டிவியில் போடும்போது பார்த்துக்கலாம்’ என்று சொல்லாமல் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். தயாரிப்பாளர்களுக்குப் புரியும் மொழி டிக்கெட்தான்.

இன்னொரு வேண்டுகோள். வீட்டில் எந்நேரமும் கிறுக்கிக்கொண்டே இருக்கிற பிள்ளை ஒன்று இருந்தால், நோட்டைப் பிடுங்காதீர்கள். அண்ணன் மகள் இப்போது ஒரு பூனை நடப்பதை வரைந்துகொண்டிருக்கிறாள். 12 ஓவியங்களில் ஏழு முடிந்திருக்கின்றன. பின்னங்கால் சரியாக வரவில்லை என்று நேற்று மாலை முழுக்கத் தெருவில் ஒரு பூனையின் பின்னாலேயே நடந்தாள்.

அன்புடன்,
ஆசிரியர்