ஆற்றோடு போகிற அஞ்சலி

வருஷத்துக்கு ஒரு நாள் நம் கட்சிகளுக்கெல்லாம் தாமிரபரணி ஞாபகம் வந்துவிடும். ஜூலை 23. அன்று காலையிலேயே திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் போலீஸ் வேன்கள் வந்து நிற்கும். எந்தக் கட்சி எத்தனை மணிக்கு வரலாம் என்று நேரம் ஒதுக்கித் தருவார்கள், கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்தம் பிரிப்பதுபோல. ஒரு கட்சி கொடியோடு வரும். கோஷம் போடும். கூடையிலிருந்து பூவை அள்ளி ஆற்றில் தூவும். போட்டோவுக்கு நிற்கும். அவர்கள் படியேறியதும் அடுத்த கட்சி இறங்கும். போட்ட பூ சீவலப்பேரி தாண்டுவதற்குள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

பூ போடுவதைக் குறை சொல்லவில்லை. இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துவது நல்ல விஷயம்தான். ஆனால் நீர்மேல் எழுத்து என்று பெரியவர்கள் சொன்னதை இப்படி அட்சரம் பிசகாமல் செய்துகாட்டுகிற நினைவுநாள் தமிழ்நாட்டில் வேறு உண்டா? 1968 டிசம்பர் 25-ம் தேதி கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேருக்கு நினைவிடம் இருக்கிறது. போனால் நின்று பார்க்கலாம். தாமிரபரணியில் செத்த 17 பேருக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று வருஷா வருஷம் கோரிக்கைதான் எழுகிறது. பெயர் பொறித்த ஒரு கல்லுக்கு இவ்வளவு பஞ்சமா? பொருநைக் கரையில் கல்லா கிடைக்கவில்லை?

1999-ல் பிறக்காதவர்கள் இன்று ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகலாம்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. மணிமுத்தாறு அணைக்கு மேலே மலையில் இருக்கிற தேயிலை எஸ்டேட்டுகள். அங்கே கொழுந்து பறித்தவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். போராட்டம் நீண்டது. 652 பேரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அவர்களை விடுவிக்க வேண்டும், கூலியை உயர்த்த வேண்டும் என்று கலெக்டரிடம் மனு கொடுக்கத்தான் 1999 ஜூலை 23-ல் ஊர்வலம் வந்தது. புதிய தமிழகம் டாக்டர் கிருஷ்ணசாமி வந்தார். தமிழ் மாநில காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் வந்தார்கள். மலைக்காரர்களுக்காகச் சமவெளி கிராமங்களிலிருந்தும் ஏராளமான ஜனம் வந்தது. மனு கலெக்டர் கைக்குப் போவதற்குள் தடியடி. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் ஆறு. எங்கே ஓடுவார்கள்? இறந்தவர்களில் இரண்டு பேர் பெண்கள், ஒன்று சிறு குழந்தை.

கலைஞர் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி மோகன் தலைமையில் கமிஷன் போட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கித்தான் இறந்தார்கள், போலீஸ் செய்தது தவிர்க்க முடியாதது என்பதுதான் அதன் சாரம். மூழ்கியது உண்மையாகவே இருக்கட்டும். மனு கொடுக்க வந்தவன் பட்டப்பகலில் எதற்குச் சட்டை வேட்டியோடு ஆற்றில் இறங்கினான் என்பதல்லவா கேள்வி? ஆர்.ஆர். சீனிவாசன் அந்த வருஷமே ‘ஒரு நதியின் மரணம்’ என்று ஆவணப்படம் எடுத்தார். கமிஷன் அறிக்கையை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

இது தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று இதற்கு முன்னால் இருக்கிறது. அது ஒரு கணக்குக் கதை. நான் காமர்ஸ் படித்தவன், வரவு செலவு போட்டுப் பார்க்காமல் எனக்கு எதுவும் புரியாது.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,374 ஏக்கரை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. எதற்காகக் கொடுத்தார்கள்? 1919-ல் சென்னையில் டெ லா ஹே என்ற வெள்ளைக்காரக் கல்லூரி முதல்வர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிங்கம்பட்டி இளவரசர் பெயரும் அடிபட்டது. வழக்குக்கு ஏறிய கடனை அடைக்கத்தான் காடு குத்தகைக்குப் போனது என்று அம்பாசமுத்திரம் பக்கத்தில் சொல்வார்கள். குத்தகை எடுத்த கம்பெனியும் லேசுப்பட்டதல்ல. 1863-ல் ஆரம்பித்தது. பர்மாவில் தேக்கு வெட்டியதில் அந்த நாட்டு ராஜாங்கம் அபராதம் விதித்தது. அதையே சாக்காக வைத்து 1885-ல் பிரிட்டிஷ்காரர்கள் படையெடுத்து, திபா மன்னரை ரத்தினகிரிக்கு நாடு கடத்திவிட்டார்கள். ஒரு ராஜ்யத்தையே கவிழ்த்த தகராறில் சம்பந்தப்பட்ட கம்பெனிக்கு ஜமீன் காடு எம்மாத்திரம்? இன்றைக்கு அது வாடியா குழுமத்துக் கம்பெனி. பிரிட்டானியா பிஸ்கட்டிலும் அதற்குப் பெரிய பங்கு. டீயும் அவர்களே, அதில் தொட்டுச் சாப்பிடுகிற பிஸ்கட்டும் அவர்களே.

இப்போது ஐந்தொகை போடுவோம். ஜமீனுக்குக் குத்தகைப் பணம். ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசாங்கத்துக்கு. கம்பெனிக்குத் தொண்ணூறு வருஷத்துக்கும் மேலே தேயிலை. 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது, புலிக்குக் காடு. எல்லோர் பக்கத்திலும் ஏதோ ஒன்று வரவாகி இருக்கிறது. காட்டை வெட்டி, செடி நட்டு, அட்டைக்கடியில் ரத்தம் கொடுத்து, மழையில் நனைந்தபடி நாலு தலைமுறை கொழுந்து பறித்தவர்கள் பக்கத்தில் என்ன வரவு? அன்றன்றைக்குக் கூலி. அது செலவாகிவிட்டது. சொத்து என்ற தலைப்பில் ஒரு பைசா இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். சமவெளியில் நிலம் இல்லாததால்தான் மலையேறினார்கள். நிலம் இல்லாமலே இறங்கினார்கள்.

எஸ்டேட்டில் வீடு உண்டே என்பார்கள். உண்டு. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் அந்த லைன் வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ரிட்டயர் ஆனவர் பிள்ளைகளில் ஒருவராவது கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் அங்கே தங்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

லைன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மலையில் வீடு கட்டிக் குடியிருப்பவன் நாலு பீன்ஸ் கொடியும் ஒரு சௌசௌப் பந்தலும் போடாமல் இருக்க மாட்டான். கம்பெனிக்குப் பறித்தது போக, தனக்கென்று ஒரு மனிதன் மண்ணைக் கொத்துகிற இடம் அது. தகப்பன் நட்ட கொய்யாவில் மகன் பழம் பறிப்பான். அவர் செத்த பிறகும் ‘அப்பா வச்ச மரம்’ என்று அது நிற்கும். ஏழைக்கு அதைவிட நினைவுச் சின்னம் கிடையாது. மாஞ்சோலையில் அந்த மரமும் குத்தகை நிலத்தில்தான் நிற்கிறது.

இங்கிலாந்தில் 1908-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். நகரத்துத் தொழிலாளிகள் கேட்டால் காய்கறி போட்டுக்கொள்ள ஆளுக்கொரு துண்டு நிலத்தை உள்ளாட்சி நிர்வாகம் குறைந்த வாடகைக்குக் கொடுக்க வேண்டும். 1925-ல் இன்னொரு சட்டம்: அந்த நிலத்தை மந்திரி அனுமதி இல்லாமல் நிர்வாகம் விற்கக் கூடாது. தோட்டக்காரர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். செத்துப்போன உறுப்பினர் பெயரில் ஒரு பெஞ்சு போடுவார்கள், ஒரு ஆப்பிள் கன்று நடுவார்கள். அடுத்த வாரம் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். தன் ஊர்த் தொழிலாளிக்குக் கத்தரிக்காய் போட நிலம் கொடுக்கச் சட்டம் எழுதிய அதே ராஜாங்கத்தின் காலத்தில்தான் மாஞ்சோலையில் 8,374 ஏக்கர் ஒரு கம்பெனிக்குப் போனது. அந்த டீயை இங்கேயிருந்து அனுப்பியவனுக்குச் சொந்தமாக ஒரு செடி கிடையாது. வெள்ளைக்காரன் போய்விட்டான், சரி. நாம் என்ன செய்தோம்?

2018-ல் அரசு இந்த நிலத்தைக் காப்புக்காடு என்று அறிவித்தது. குத்தகை 2028-ல் முடிகிறது. அதுவரைகூடப் பொறுக்காமல் 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தது. கையெழுத்துப் போடு, பணத்தை வாங்கு, ஆகஸ்ட்டுக்குள் வீட்டைக் காலி செய். இதற்குப் பெயர் விருப்ப ஓய்வு! மீதமிருந்தது ஐந்நூற்றுச் சொச்சம் தொழிலாளிகள். கோர்ட்டுக்குப் போனார்கள். அரசின் டான்டீ நிறுவனமே எஸ்டேட்டை ஏற்று நடத்தட்டும் என்றார்கள். 2024 டிசம்பரில் மதுரை ஹைகோர்ட் அதற்கு இணங்கவில்லை. அரசு சொன்ன மறுவாழ்வுத் திட்டங்களை நிறைவேற்றச் சொன்னது. என்ன திட்டங்கள்? வீடு, மனை, தொழில் பயிற்சி, கடன். பல குடும்பங்கள் இறங்கிவிட்டன. அடுக்குமாடி வீடுகூட உண்டு என்றார்கள். மூன்றாவது மாடியில் சௌசௌப் பந்தல் எங்கே போடுவது?

காட்டைக் காப்பாற்ற வேண்டாமா என்று சிலர் என்மேல் பாய்வார்கள். வேண்டும், சத்தியமாக வேண்டும். தேயிலைத் தோட்டம் காடு அல்ல. பச்சையாக இருக்கிறது என்பதற்காக அதைக் காடு என்று நினைப்பது, தலைக்குச் சாயம் பூசியவரை வாலிபர் என்று நினைப்பதுபோல. மாஞ்சோலையில் பெய்கிற மழைதான் மணிமுத்தாறு வழியாகத் தாமிரபரணிக்கு வருகிறது. அதைக் குடித்துத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் இருக்கின்றன. மலை மறுபடியும் சோலைக்காடாகட்டும், புலியும் மிளாவும் சிங்கவால் குரங்கும் நன்றாக இருக்கட்டும். ஆனால் தேயிலைக்காகக் காட்டை அழித்தது கூலிக்காரனின் முடிவா? குத்தகை கொடுத்தவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர், லாபம் இன்னொருவருக்கு. பரிகாரம் மட்டும் கொழுந்து பறித்த பாட்டியின் பேரன் செய்ய வேண்டுமா?

நிலத்துக்குப் பதில் நிலம் கேட்பது ஒன்றும் நடக்காத காரியமில்லை. டான்டீ எப்படி வந்தது தெரியுமா? 1964-ல் சாஸ்திரி - ஸ்ரீமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று 1968-ல் தொடங்கியதுதான் அது. கடல் தாண்டி வந்தவர்களுக்காக ஒரு எஸ்டேட்டையே உண்டாக்க முடிந்த அரசுக்கு, மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு அணையடிவாரத்தில் ஆளுக்கு ஐம்பது சென்ட் விளைநிலம் தேட முடியாதா? வன உரிமைச் சட்டம் என்று ஒன்று 2006-ல் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டு நிலத்தில் வசித்து அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அது உரிமை தருகிறது. 2005-லிருந்து 1929-ஐக் கழித்துப் பாருங்கள். கால்குலேட்டர் வேண்டாம். 76. கம்பெனி கூலியாட்கள் எப்படி வனவாசிகள் ஆவார்கள் என்று சட்டம் படித்தவர்கள் மடக்கலாம். மடக்கட்டும். தொண்ணூறு வருஷம் காட்டில் இருந்தவன் வனவாசியும் இல்லை, நிலவாசியும் இல்லை என்றால், அவன் எந்த வாசி என்று அவர்களே சொல்லிவிடட்டும்.

இன்னொரு விஷயம் யாரும் பேசுவதில்லை. தொண்ணூறு வருஷத்தில் அந்த மலையில் செத்தவர்களை அந்த மலையில்தான் புதைத்தார்கள். 17 பேருக்குத்தான் ஜூலை 23. மலையில் இருமிச் செத்தவர்கள், பிரசவத்தில் செத்தவர்கள், காட்டு மிருகம் அடித்துச் செத்தவர்களுக்கு எந்தக் கட்சியும் பூ போடுவதில்லை. அவர்களுடைய பிள்ளைகள்தான் போட வேண்டும். அந்தப் பிள்ளைகள் இப்போது கீழே இருக்கிறார்கள். மணிமுத்தாறில் வனத்துறை செக்போஸ்ட் இருக்கிறது. சுற்றுலா போகிறவன் அங்கே அனுமதி வாங்கிக்கொண்டு போகிறான். தன் தாத்தாவின் கல்லறைக்கு ஒரு மெழுகுவத்தியோடு போகிறவன் எந்தக் கணக்கில் போவான்? டூரிஸ்ட் கணக்கிலா?

இதற்கு ஒரு அரசாணை போதும். எஸ்டேட்டில் இருந்த குடும்பங்கள் வருஷத்தில் குறிப்பிட்ட நாட்களில் கட்டணமின்றி, கெஞ்சாமல், மேலே போய் வரலாம் என்று. புதைகுழிகள் இருக்கிற இடங்களை இப்போதே அளந்து வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும். சோலைக்காடு வளர்ந்து மூடிய பிறகு தேடினால் கிடைக்காது. புலி இதற்கெல்லாம் ஆட்சேபம் சொல்லாது.

அப்புறம் அந்தக் கல். ஜூலை 23 அன்று கூடையோடு வருகிற கட்சிகளெல்லாம் ஒரு வருஷம் பூச்செலவை மிச்சம் பிடித்தாலே ஆளுயரத்துக்கு ஒரு கருங்கல் வாங்கலாம். 17 பெயர் வெட்ட ஸ்தபதி தேவையில்லை, கடைத்தெருவில் கல்வெட்டு எழுதுகிறவரே ஒரு வாரத்தில் முடித்துவிடுவார். குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் வயதையும் போடச் சொல்லுங்கள். இடத்துக்கும் அலைய வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது, 1999-ல் வந்து சேராத மனு போக வேண்டிய அதே ஆபீஸ். அதன் வாசலிலேயே நடலாம்.