சின்னப் பங்குதாரருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்!

சாயங்காலம் தாம்பரம் போகிற மின்சார ரயிலில் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் கம்பி. இன்னொரு கையில் போன். போனில் என்ன? முன்பெல்லாம் சினிமா. இப்போது ஷேர் விலை!

மளிகைக் கடை அண்ணாச்சியும் ஷேர் வாங்குகிறார். ஆபீஸ் குமாஸ்தாவும் வாங்குகிறார். நாடு முழுவதும் டீமேட் கணக்குகள் 2022 ஆகஸ்டிலேயே 10 கோடியைத் தாண்டிவிட்டன. அது பணக்காரர் விளையாட்டு என்ற காலம் மலையேறிவிட்டது.

வாங்கட்டும். வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் ஒரு கேள்வி. நீங்கள் காசு போட்ட கம்பெனியில் உங்களுக்காகக் காவல் இருப்பது யார்?

"ஆடிட்டர் இருக்காரு, டைரக்டருங்க இருக்காங்க" என்பீர்கள். சரி, அவர்களைப் பொறுக்கி எடுத்தது யார்? சம்பளம் கொடுப்பது யார்? அங்கேதான் இருக்கிறது சங்கதி!

கல்லாப் பெட்டி நியாயம்

அண்ணாச்சி ஊருக்குப் போகிறார். கல்லாவில் ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்ததும் அந்த ஆள், "கணக்கைச் சரிபார்க்க நானே ஒருத்தரைக் கூட்டி வந்தேன், கூலியும் நானே கொடுத்துட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாரு" என்றால் அண்ணாச்சி சும்மா விடுவாரா? "ஏலே, யார்கிட்ட கதை விடுத?" என்று கேட்க மாட்டாரா?

மளிகைக் கடையில் செல்லாத இந்த நியாயம் கோடிக்கணக்கில் புரளுகிற கம்பெனிகளில் மட்டும் செல்லுபடியாகிறது!

சத்யத்தில் நடந்தது

ஐதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? நல்ல நிர்வாகத்துக்காக 2008-ல் 'கோல்டன் பீகாக்' விருது வாங்கிய கம்பெனி அது. அதே ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி டைரக்டர்கள் கூடினார்கள். சேர்மன் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தார் நடத்திய இரண்டு மேடாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலர் கொடுத்து வாங்குவது என்று தீர்மானம் போட்டார்கள்.

ஊரார் காசில் தன் வீட்டுச் சொத்தைத் தானே வாங்குகிற வேலை! அந்தக் கூட்டத்தில் 'சுதந்திர டைரக்டர்கள்' என்று பெயர் வாங்கியவர்களும் இருந்தார்கள். பெரிய படிப்பாளிகள். பெரிய பதவி வகித்தவர்கள். ஆனாலும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தடுத்தது யார் தெரியுமா? பங்குதாரர்கள்தான்! அவர்கள் கொதித்தார்கள். நியூயார்க்கில் ஷேர் விலை மளமளவென்று சரிந்தது. சில மணி நேரத்தில் தீர்மானம் வாபஸ்.

அடுத்த மாதம், 2009 ஜனவரி 7-ந் தேதி, வெடித்தது குண்டு. ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று கணக்கில் காட்டியிருந்தார்கள். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை! ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கு அது. முதல் நாள் 179 ரூபாய்க்கு விற்ற ஷேர் அன்று மாலை 40 ரூபாய்.

2015 ஏப்ரலில் ஐதராபாத் தனிக் கோர்ட்டு ராஜு உள்பட 10 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதில் இரண்டு பேர் ஆடிட்டர்கள். அப்பீல் போனார்கள். ராஜுவுக்கு அடுத்த மாதமே ஜாமீன். சேமிப்பைக் கரைத்து ஷேர் வாங்கி 40 ரூபாய்க்குத் தள்ளிவிட்டவனுக்கு என்ன கிடைத்தது?

மறுபடியும் அதே கதை

புத்தி வந்ததா? 2018-ல் ஐ.எல்.&எப்.எஸ். கவிழ்ந்தது. கடன் 90 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளர்களின் பிராவிடண்ட் பண்டு பணமும் அதில் மாட்டிக்கொண்டது. கவிழ்வதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை அதன் கடன் பத்திரங்களுக்கு 'ட்ரிபிள் ஏ' மார்க். மார்க் போட்டவர்களுக்குக் கட்டணம் கொடுத்தது யார்? மார்க் வாங்கிய கம்பெனி!

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2013-ல் புதிய கம்பெனி சட்டம் வந்தது. பெரிய கம்பெனிகளில் ஒரே ஆடிட் நிறுவனம் 10 வருஷத்துக்கு மேல் தொடர முடியாது. 2018-ல் ஆடிட்டர்களைக் கண்காணிக்கத் தனி ஆணையம் வந்தது. 2022 ஜனவரி முதல் சுதந்திர டைரக்டரை நியமிக்க முக்கால் பங்கு ஓட்டு வேண்டும் என்று செபி விதி போட்டது.

நல்லதுதான். ஆனால் கம்பெனி முதலாளியிடமே 60, 70 சதவீத ஷேர் இருந்தால்? அவர் கை தூக்காமல் யார் உள்ளே வர முடியும்? காவல்காரனைப் பொறுக்குவது இன்னும் அவர்தானே!

'லாம்' போட்ட சட்டம்

இதற்கு மருந்து அதே சட்டத்தில் இருக்கிறது. 151-வது பிரிவைப் புரட்டுங்கள். முகமதிப்பில் 20 ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாமல் ஷேர் வைத்திருப்பவர் சின்னப் பங்குதாரர். ஷேர் மார்க்கெட்டில் உள்ள கம்பெனியில் இவர்களே தேர்ந்தெடுத்த ஒரு டைரக்டர் 'இருக்கலாம்' என்கிறது சட்டம்.

இருக்கலாமாம்! இருக்க வேண்டும் என்று இல்லை. ஆயிரம் பேரோ, மொத்தச் சின்னப் பங்குதாரர்களில் பத்தில் ஒரு பங்கோ, எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எண்ணூரில் ஒருத்தர், ஈரோட்டில் ஒருத்தர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆயிரம் பேரைத் திரட்டுவது யார்? அப்படியே திரட்டினாலும் அங்கேயும் அதே 'லாம்'தான்!

"சின்ன ஆளுங்க அனுப்பற டைரக்டருக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பார்கள். எல்லாம் தெரிந்தவர்கள்தானே சத்யத்தில் ஏகமனதாகக் கை தூக்கினார்கள்! இவருக்கு அவ்வளவு தெரிய வேண்டாம். "பேங்கில் பணம் இருக்குன்னா பேங்க் கடுதாசி எங்கே?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

ஒற்றை ஆளால் தீர்மானத்தைத் தோற்கடிக்க முடியாதுதான். ஆனால் எதிர்த்தவர் பெயர் கூட்டக் குறிப்பில் ஏறும். 'ஏகமனதாக' என்று எழுத முடியாது. தப்புச் செய்கிறவனுக்கு அந்த ஒரு வரியே பயம்.

ஆகவே சர்க்காருக்கு நம் கோரிக்கை ஒன்றே ஒன்று. 'இருக்கலாம்' என்பதை 'இருக்க வேண்டும்' என்று திருத்துங்கள். செலவு ஒரு சொல்தான்.

அதுவரை நீங்களும் சும்மா இருக்காதீர்கள். கம்பெனி வருடக் கூட்டத்துக்கு நோட்டீஸ் உங்கள் ஈ-மெயிலுக்கு வருகிறது. திறக்காமல் தள்ளிவிடுகிறீர்கள். அதில் ஓட்டுப் போட உங்களுக்கும் உரிமை இருக்கிறது. ரயிலில் தொங்கிக்கொண்டே போடலாம். கம்பியை விட வேண்டாம். போன் பிடித்த கை போதும்!