மொத்தமாக வாங்கிய மளிகை கெடாதிருக்க...



ரமளானை முன்னிட்டும் வீட்டு விசேஷங்களை ஒட்டியும் மளிகைச் சாமான்களை மொத்தமாக வாங்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. கோவை ரங்கே கவுடர் வீதி போன்ற மொத்தக் கடைவீதிகளில் சிப்பமாக வாங்கினால் செலவு குறைவது உண்மையே. ஆனால், இரண்டே மாதங்களில் அரிசியில் வண்டு ஊர்ந்து, பயறு உளுத்துப்போனால் அந்தச் சிக்கனம் வீண் விரயமாகவே முடியும்.

வண்டு நம் வீட்டில்தான் புகுந்தது எனப் பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது சாமான்களோடு சேர்ந்தே வருகிறது. பயறு வண்டு வயலிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றின் தோலில் ஒட்டியிருக்கும் வெண்புள்ளிகள் அதன் முட்டைகளே. புழு பயற்றினுள்ளேயே வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வட்டமாகத் துளையிட்டு வண்டாக வெளிவரும். ஆகவே, வாங்கியதை அப்படியே டப்பாவில் கொட்டி மூடிவிடக் கூடாது.

முழுப் பயறுகளை வெயிலில் நன்கு உலர்த்தி, சூடு முற்றிலும் ஆறிய பின்னரே டப்பாவில் இடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அரிசியைக் கடும் வெயிலில் காயவைத்தால் நொறுங்கும். நிழலில் உலர்த்துவதே நன்று. ரவையையும் சேமியாவையும் வறுத்து ஆறவைத்து மூடுங்கள். பழைய அரிசியின் மீது புதியதைக் கொட்டாதீர்கள்.

உமியோடும் தோலோடும் இருக்கும் தானியமே நெடுநாள் தாங்கும். பஞ்ச காலத்திற்கான தானியத்தைக் கதிரிலேயே விட்டுவைக்குமாறு யூசுஃப் நபி (அலை) அவர்கள் கூறியதைத் திருமறை எடுத்துரைக்கிறது. கொங்கு நாட்டுப் பெரியோர் துவரைக்குச் செம்மண் கட்டி வைத்ததும் அதற்கொரு காப்பாகத்தான். நகர வீடுகளில் முழுப் பயற்றுக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் தடவி வைக்கலாம். அது வண்டின் முட்டைகளை அழிக்கும்.

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கென எளிய பூச்சிப் பொறி ஒன்றை உருவாக்கியுள்ளது. துளைகளுள்ள அந்தக் குழாயை அரிசிக்குள் செருகி வைத்தால், காற்றை நாடி வரும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியில் விழுந்து சிக்கும். மருந்து ஏதும் தேவையில்லை. ஓரிரு வண்டுகள் விழும்போதே நாம் விழித்துக்கொள்ளலாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை ஒருபோதும் வீட்டிற்குள் கொண்டுவராதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அவற்றிலிருந்து வெளிப்படும் நச்சுவாயு, உறங்கும் குழந்தைகளின் உயிரையே பறித்துவிடும். வண்டு விழுந்த அரிசியைப் புடைத்துச் சலித்துக்கொள்ளலாம். போன உயிர் திரும்புமா?

ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வருகிறது. 2030-ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை தொடங்கும். அந்த இரண்டாம் ரமளானுக்கென ஷஃபானில் வாங்கும் சாமான்களைக் கார்த்திகை மழையில் உலர்த்துவது எளிதன்று. அத்தகைய காலத்தில் ஒரு சிப்பத்தை மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மொத்த விலையும் கிடைக்கும். ஒரு மாதத்திற்குள் தீர்ந்துவிடுவதால் வண்டுக்கும் வேலை இராது.