தப்பும் வழி தெரிவதே தற்காப்பு

அபுதாபி பள்ளிகளில் 2008 முதல் ஜியு-ஜிட்சு கற்றுத் தரப்படுகிறது. துபாய், ஷார்ஜா குடியிருப்புகளில் வார இறுதி மாலைகளில் நம் பிள்ளைகள் வெள்ளை உடை அணிந்து கராத்தே வகுப்புக்குப் போகிறார்கள். பெல்ட்டின் நிறம் மாறினால் பெற்றோருக்குப் பெருமை. நல்லதுதான். ஆனால் வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் அம்மாவுக்கும், அதே கட்டடத்தில் இன்னொரு வீட்டில் வேலை பார்க்கும் அக்காவுக்கும் யார் கற்றுத் தருவது?

நிஜ வன்முறைக்கு நடுவர் இல்லை, எடைப் பிரிவு இல்லை. பெண்கள் மீதான வன்முறையில் பெரும்பங்கு தெரிந்தவர்களிடமிருந்தே வருகிறது. அதுவும் நான்கு சுவருக்குள். ஆகவே பயனுள்ள பயிற்சி உதையில் தொடங்குவதில்லை. வெளியேறும் வாசலை மறிக்க விடாமல் நிற்பது, எட்டாத தூரம் காப்பது, உரக்கக் கத்துவது, பற்றிய கையின் பெருவிரல் பக்கமாக மணிக்கட்டை உருவுவது, விடுபட்டதும் ஓடுவது, 999ஐ அழைப்பது: இதுதான் பாடம்.

சட்டமும் இதையே கேட்கிறது. தற்காப்பு உரிமையை அமீரகச் சட்டம் ஏற்கிறது. ஆனால் ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும்; காவல்துறையை நாட வழி இருக்கக் கூடாது; திருப்பித் தாக்குவது ஆபத்தின் அளவை மீறக் கூடாது. பின்வாங்கியவனைத் துரத்தி அடித்தால் வழக்கு நம் மீது திரும்பும். பிழைக்க வந்தவருக்கு அது வேலையையும் விசாவையும் பறித்துவிடலாம்.

2015இல் ரியாத்தில் வீட்டு வேலை பார்த்த வேலூர் மாவட்டப் பெண் ஒருவர், அந்த வீட்டிலிருந்து தப்ப முயன்றபோது வலது கையை இழந்தார். எந்தக் கராத்தே அவரைக் காத்திருக்கும்? கையில் ஒரு போனும், கூப்பிட ஓர் எண்ணும், கூப்பிட்டால் வரும் ஆளும் அல்லவா தேவைப்பட்டன? தனியாளின் தற்காப்பு எந்த இடத்தில் முடிகிறதோ, அங்கே மற்றவர்களின் பொறுப்பு தொடங்குகிறது.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்போரில் தமிழரும் உண்டு. பணியாளரின் பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பதை 2022ஆம் ஆண்டின் அமீரகச் சட்டம் தடுக்கிறது. போனையும் அவரிடமே விடுவோம். பொங்கல் விழா மேடையில் சிலம்பம் சுற்ற வைக்கும் நம் சங்கங்கள், மாதம் ஒரு முறை பெண்களுக்கும் தொழிலாளர் முகாம்களில் இருப்போருக்கும் இரண்டு மணி நேரப் பயிற்சி நடத்தலாம். அரபியில் உதவி கேட்க நான்கு வார்த்தைகளும் அதில் இருக்கட்டும். ஊரிலிருந்து புறப்படுவோருக்கு அரசுகள் தரும் பயிற்சியிலும் இதற்கு இடம் வேண்டும். மகள்களுக்குத் தற்காப்பு சொல்லித் தரும் வீடு, மகன்களுக்குக் கை ஓங்காமை சொல்லித் தர வேண்டும்.

பக்கத்து ஃபிளாட்டில் அலறல் கேட்டால் 'அது அவர்கள் குடும்ப விஷயம்' என்று டிவி சத்தத்தைக் கூட்டுவது இனியும் ஆகாது. குடும்ப வன்முறைக்கு எதிராக அமீரகம் 2019இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. அது குடும்ப விஷயம் இல்லை, குற்றம்.

துபாயில் பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கான உதவி எண் 800111. இந்தியர்களுக்கான உதவி மையம் 800 46342. காவல்துறை 999. இந்த மூன்றையும் இன்றிரவே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கும் படித்துக் காட்டுங்கள்.