சம்பளத்தில் பாதிக்கு மேல் விழுங்கும் கிராபிக்ஸ் கார்டு: பெற்றோர் எதைப் பார்த்து வாங்குவது?

கோலாலம்பூர் – அனிமேஷன், கேம் வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங் என்று படிக்கப் போகும் பிள்ளைகள் வீட்டில் முதலில் கேட்பது நல்ல கிராபிக்ஸ் கார்டு. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி. நடுத்தர ரகக் கார்டான என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060, 2025 மே மாதம் 299 அமெரிக்க டாலருக்கு அறிமுகமானது. ஒரு டாலருக்கு 4 வெள்ளி என்று போட்டாலே ஏறக்குறைய 1,200 வெள்ளி. தோட்டப்புறக் குடும்பத்துக்கு இது தவறிப்போனால் மீண்டும் சேர்க்க முடியாத பணம்.

விலை நிலவரமும் சாதகமாக இல்லை. ஏஐ தரவு மையங்கள் நினைவக சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியது. பினாங்கிலும் மூவாரிலும் ஆலை வைத்திருக்கும் மைக்ரோன் நிறுவனம், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த நினைவகத் தொழிலிலிருந்து விலகுவதாக அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டிலும் இருப்பது நினைவகமே. ஆகவே ‘பொறுத்தால் விலை இறங்கும்’ என்ற பழைய கணக்கு இப்போது உறுதியில்லை.

வாங்குவோர் அதிகம் ஏமாறுவது பெயரில்தான். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகைகளில் விற்பனையாகின்றன. பெட்டியில் பெயர் ஒன்றுதான். ஆனால் புதிய பெரிய கேம்களிலும் முப்பரிமாண வேலைகளிலும் 8 ஜிபி நிரம்பிவிட்டால் கணினி திணறும். ஏஎம்டி கார்டின் அறிமுக விலை 8 ஜிபிக்கு 299 டாலர், 16 ஜிபிக்கு 349 டாலர். நான்கைந்து ஆண்டு உழைக்க வேண்டிய கார்டு என்றால் அந்த 50 டாலர் வித்தியாசம் வீண் செலவல்ல. வேலோரண்ட், டோட்டா 2 போன்றவை மட்டுமே விளையாடுபவருக்கு 8 ஜிபி போதும். பிளெண்டர் போன்ற மென்பொருள்களில் வேலை செய்பவருக்கு என்விடியா கார்டே சிக்கல் குறைந்தது.

இன்னொரு குழி, வீட்டில் ஏற்கனவே இருக்கும் கணினி. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகளைப் பல குடும்பங்கள் மலிவாக வாங்குகின்றன. அவற்றின் பவர் சப்ளை பெரும்பாலும் சிறியது. கார்டுக்கான தனி மின் இணைப்பும் இருக்காது. 145 வாட் கேட்கும் 5060-ஐ அதில் பொருத்த முடியாது. 70 வாட்டில் தனி இணைப்பு இல்லாமல் இயங்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்றவையே அதற்குப் பொருந்தும். 12 ஜிபி நினைவகத்தோடு 249 டாலருக்கு வந்த இன்டெல் ஆர்க் பி580 மலிவாகத் தெரியலாம். ஆனால் பழைய புராசசரோடு சேர்த்தால் அதன் வேகம் வெகுவாகக் குறையும்.

பழைய கார்டு வாங்குவதிலும் நிதானம் தேவை. 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்தபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. நேரில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. கடையில் வாங்கி ரசீது வைத்திருப்பவர், பிரச்சினை என்றால் 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரை அங்கு கோரலாம். வணிகம் செய்யாத தனிநபரிடம் வாங்கியவருக்கு அந்த வழி இல்லை.

கடைக்குப் போகும் முன் மூன்று விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது: பிள்ளை பயன்படுத்தும் மென்பொருள், கணினியின் பவர் சப்ளை எத்தனை வாட், வேண்டிய நினைவகம் எத்தனை ஜிபி. இந்த மூன்றும் தெரியாமல் விற்பனையாளர் காட்டும் பெட்டியைத் தூக்கி வருவதைவிட, ஒரு மாதம் பொறுத்துப் பவர் சப்ளையோடு சேர்த்து வாங்குவதே சிக்கனம்.